பிறந்தபோது எத்தனை கிலோ? ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தை 2.3 கிலோ. பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி "எத்தனை கிலோ?", இரண்டாவது "ஏன், மாசமா இருக்கும்போது ஒழுங்கா சாப்பிடலையா?" அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள், நானே பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, பள்ளியில் உயிரியல் எடுக்கிறவன். அந்த இரண்டாவது கேள்வி எரிச்சல் மூட்டியதால்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் சொல்லப்போய், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஹாட்டர்ஸ்லி?

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் எக்ஸெட்டர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே சர்க்கரை நோய் மருத்துவர், கூடவே ஆராய்ச்சியாளர். 1958-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டர்னர் என்ற பெரிய சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளரிடம் பழகி, 1995-இல் எக்ஸெட்டருக்குப் போனார். அந்த ஊரில் அப்போது எம்.பி.பி.எஸ். மாதிரியான படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரியே கிடையாது, அது 2002-இல்தான் வந்தது. பெரிய ஊரை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்யப்போகிறார் என்று யாராவது கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். இன்று பச்சிளம் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ரத்த மாதிரி அந்த ஊருக்குப் போகிறது. 2010-இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார்.

குழந்தையின் எடைக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம்?

இன்சுலின் என்றதும் நமக்கு ஊசி ஞாபகம் வரும், சர்க்கரையைக் குறைக்கிற மருந்து என்று மனதில் பதிந்துவிட்டது. கருப்பைக்குள் அதன் முக்கிய வேலை வேறு. அங்கே அது வளர்ச்சி ஹார்மோன். குழந்தையின் சதையும் கொழுப்பும் ஏறுவது, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், பெரும்பாலும் அதன் சொந்த இன்சுலினால்தான்.

அந்தச் "சொந்த" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற எல்லாமே அதில்தான் தொங்குகிறது. அம்மாவின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் தாண்டாது. ஆகவே அம்மாவுக்குச் சர்க்கரை கூடினால் குழந்தைக்கும் கூடும், குழந்தையின் கணையம் அதைப் பார்த்துவிட்டுத் தன் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும், குழந்தை கொழுகொழுவென்று வளரும். கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களிலேயே இதைச் சொல்லிவிட்டார். நாலரைக் கிலோ குழந்தையைப் பார்த்து ஊரே கண்ணு வைக்கும்போது டாக்டர் மட்டும் முகத்தைச் சுளிப்பது இதனால்தான்.

அது குண்டுக் குழந்தை. ஒல்லியாகப் பிறந்தவர்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரை வரும் என்கிறார்களே?

ஆமாம், விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது. லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற ஒரு பெண் அதிகாரி, 1911 முதல் செவிலியர்களை வீடு வீடாக அனுப்பி, பிறந்த குழந்தைகளின் எடையையும் ஒரு வயதில் அவர்கள் எடையையும் பேரேடுகளில் எழுதவைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர் குழுவின் கையில் அந்தப் பேரேடுகள் கிடைத்தன. அப்போது அந்தக் குழந்தைகள் எல்லாம் தாத்தாக்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறந்தபோது எடை குறைவாக இருந்தவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு அதிகம்.

1992-இல் பார்க்கரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கலஸ் ஹேல்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கருப்பையில் ஊட்டம் பற்றாமல் போன குழந்தை சிக்கனமாக வாழப் பழகிக்கொள்கிறது, கணையத்தைச் சுருக்கிக்கொள்கிறது, பிறகு வசதியான உலகத்துக்குள் வந்ததும் அந்தச் சிக்கன உடம்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேட்பதற்குக் கதை மாதிரி அழகாக இருக்கும், உலகம் முழுக்கப் பரவியது. அதில் உண்மையும் நிறைய இருக்கிறது. ஆனால் அது கைமாறிக் கைமாறி வீட்டு வாசலுக்கு வரும்போது "அம்மா சாப்பிடலை, அதனால்தான்" என்று ஆகிவிடுகிறது.

ஹாட்டர்ஸ்லி எங்கே மாறுபட்டார்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக, பாதிப் பேருக்கு, லேசாகச் சர்க்கரை கூடுதலாக இருக்கும். வெறும் வயிற்றில் 100 முதல் 140 வரை, அவ்வளவுதான், பெரிதாக ஏறாது, இறங்கவும் செய்யாது. காரணம் குளுக்கோகைனேஸ் என்ற ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுது என்று 1992-இல் தெரியவந்தது. பிரான்சில் ஒரு குழுவும், ஆக்ஸ்ஃபோர்டில் ஹாட்டர்ஸ்லி இருந்த குழுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற நொதி அது. அது மந்தமானால் செல் கொஞ்சம் தாமதமாகத்தான் உணரும். இன்சுலின் வரும், ஆனால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு.

இந்தக் குடும்பங்களைப் பற்றி ஹாட்டர்ஸ்லி ஒரு கேள்வி கேட்டார். பழுது அம்மாவுக்கு இருந்தால், அவள் சர்க்கரை எப்போதுமே கொஞ்சம் கூடுதல், குழந்தை குண்டாகும். சரி. பழுது குழந்தைக்கு இருந்தால்? குழந்தையின் கணையம் அம்மாவிடமிருந்து வருகிற சர்க்கரையைச் சரியாக உணராது, இன்சுலின் குறையும், அப்படியானால் குழந்தை சின்னதாகப் பிறக்க வேண்டுமே?

58 குழந்தைகளின் பிறந்த எடையைச் சேகரித்துப் பார்த்தார்கள், 1998-இல் முடிவு வெளிவந்தது. பழுது குழந்தைக்கு இருந்தால் எடை சராசரியாக 533 கிராம் குறைவு. அம்மாவுக்கு இருந்தால் 601 கிராம் கூடுதல். இரண்டு பேருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, குழந்தை சாதாரண எடையில் பிறந்துவிடுகிறது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளில் பழுது இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் சுமார் அரை கிலோ வித்தியாசம். அதே அம்மா, அதே வீடு, அதே சாப்பாடு!

நான் முதல்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன். இந்த ஒல்லிக் குழந்தைக்கு வயிற்றுக்குள் பட்டினி எதுவும் இல்லை. அதன் இன்சுலின் மட்டும் குறைவு. அதே காரணத்தால்தான் அவனுக்குப் பெரியவனானபோது சர்க்கரையும் கூடுதல். குறைந்த எடை, சர்க்கரை இரண்டுமே ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன, ஒன்று மற்றொன்றை உண்டாக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1999-இல், அவரும் உடன் பணியாற்றிய ஜான் டூக்கும் சேர்ந்து இதை ஒரு பொதுக் கருத்தாகவே முன்வைத்தார்கள். "கரு இன்சுலின் கருதுகோள்" என்று அதற்குப் பெயர்.

அந்தக் குளுக்கோகைனேஸ் பழுது ஆபத்தான வியாதியா?

இல்லை. ஏறத்தாழ 50 வருடம் இந்த லேசான கூடுதல் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களைச் சோதித்து 2014-இல் ஒரு ஆய்வு வந்தது, கண், சிறுநீரகம், நரம்பு என்று கவலைப்படும்படியான பாதிப்பு மிகக் குறைவு. கர்ப்ப காலம் தவிர மருந்தே தேவையில்லை. பிரிட்டனில் ஆயிரத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம், பலர் டைப் 1 (பெரும்பாலும் சின்ன வயதில் வந்து இன்சுலின் ஊசி தேவைப்படுகிற வகை) அல்லது டைப் 2 (பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற வகை) என்று முத்திரை குத்தப்பட்டு வீணாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் இன்னும் சில ஒற்றை மரபணு வகைகளும் சேர்ந்து "மோடி" என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரில் அழைக்கப்படுகின்றன. சிரிக்க வேண்டாம், அந்தப் பெயர் 1970-களிலேயே வைத்தது.

அபூர்வமான குடும்பங்களில் பார்த்ததை ஊர் உலகத்துக்கே பொருத்தலாமா?

நியாயமான கேள்வி, அன்றைக்கு மற்ற ஆராய்ச்சியாளர்களும் இதையேதான் கேட்டார்கள். மரபணுதான் காரணம் என்றால் அப்பாவைப் பார்த்தாலே தெரிந்துவிட வேண்டும், ஏனென்றால் அப்பாவுக்குக் கருப்பை கிடையாது. அவர் குழந்தைக்குத் தருவது மரபணுவை மட்டும்தான் (வயிற்றுக்குள் இருக்கும்போது, அதாவது. பிறகு ஸ்கூல் பீஸ் தருகிறார்). அமெரிக்காவின் பிமா பழங்குடி மக்களிடம் 2000-இல் பார்த்தபோது, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் குழந்தையின் எடை குறைவாக இருந்தது. பிரிட்டனில் 236,030 பேரின் தகவலை வைத்து 2013-இல் எக்ஸெட்டர் குழு பார்த்தபோதும் அதேதான்: அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் பிறந்த எடை சராசரியாக 59 கிராம் கூடுதல், அப்பாவுக்கு என்றால் 45 கிராம் குறைவு.

எடை குறைந்த குழந்தைக்கு அம்மாவைத் திட்டுகிற மாமியார்கள் தன் பிள்ளையின் சுகர் ரிப்போர்ட்டை ஒருதரம் எடுத்துப் பார்க்கலாம்.

எல்லா மரபணுவும் இப்படித்தான் நடந்துகொள்கிறதா?

அப்படி நேர்க்கோடாக இருந்தால் ஆராய்ச்சி எதற்கு? எச்.என்.எஃப்.4ஏ என்று ஒரு மரபணு. அதில் பழுது இருந்தால் இருபது முப்பது வயதில் இன்சுலின் குறைந்து சர்க்கரை நோய் வரும். ஆகவே பிறக்கும்போதும் எடை குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஹாட்டர்ஸ்லி குழு 2007-இல் பார்த்தபோது நேர் எதிர். அந்தக் குழந்தைகள் 790 கிராம் கூடுதலாகப் பிறந்திருந்தார்கள், சிலருக்குப் பிறந்தவுடன் ரத்தச் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. அதாவது கருவில் இன்சுலின் அதிகம், பெரியவர் ஆனதும் குறைவு. இது எப்படி என்பது இன்னும் முழுசாக விளங்கவில்லை. எனக்கென்னவோ இந்த ஆய்வுதான் அவர் வேலையில் மிகவும் பிடித்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த முடிவை ஒளிக்காமல் தலைப்பிலேயே போட்டார்கள்.

பிறந்த குழந்தைக்கே சர்க்கரை நோய் வருமா?

வரும், அபூர்வமாக. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்பில் ஒன்று. ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் அது வழக்கமான டைப் 1 ஆக இருப்பது மிக மிக அரிது, பெரும்பாலும் ஒற்றை மரபணுப் பழுதுதான். அந்தக் குழந்தைகளில் பலர் எடை குறைந்துதான் பிறப்பார்கள், காரணம் இதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள்: கருவிலேயே இன்சுலின் இல்லை.

ஹாட்டர்ஸ்லியின் பெயர் மருத்துவ உலகம் முழுக்கத் தெரிந்தது இந்த இடத்தில்தான். பீட்டா செல்லின் மேல்தோலில் பொட்டாசியம் வெளியேறுகிற ஒரு வாசல் இருக்கிறது. சர்க்கரை உள்ளே வந்தால் அந்த வாசல் மூடும், மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். வாசல் இப்படி மூடுகிறது என்பதை 1984-இல் கண்டறிந்தவர் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட். அவரும் ஹாட்டர்ஸ்லியும், அப்போது இளம் ஆராய்ச்சியாளராக இருந்த ஆனா க்ளாய்னும் இன்னும் பலரும் சேர்ந்து, பிறந்த சில மாதங்களுக்குள் சர்க்கரை நோய் வந்த 29 பேரை ஆராய்ந்தார்கள். 10 பேருக்கு அந்த வாசலின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் பழுது. வாசல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் இன்சுலின் வெளியே வராது. 2004-இல் இதை வெளியிட்டார்கள்.

இப்போது பாருங்கள், அந்த வாசலை நேராகப் போய் மூடுகிற மருந்து ஒன்று ஏற்கெனவே கடைகளில் இருந்தது. சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள், நம் வீட்டுப் பெரியவர்கள் டைப் 2-க்குச் சாப்பிடுகிற கிளிபென்க்ளமைடு அந்த வகைதான், பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மலிவான மாத்திரை. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே இன்சுலின் ஊசியில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி 49 பேரில் 44 பேர் ஊசியை முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டபோது இருந்ததைவிட மாத்திரையில் சர்க்கரை இன்னும் நன்றாகவே கட்டுக்குள் வந்தது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 8.1 சதவீதத்திலிருந்து 6.4 ஆனது. பிறகு பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து கவனிக்கப்பட்ட 81 பேரில் 75 பேர் இன்னும் மாத்திரையிலேயே இருந்தார்கள்.

ஒரு நாளைக்கு நாலு ஊசி போட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, ஒரு பெற்றோரின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். மரபணு ஆராய்ச்சியில் "ஒருநாள் பயன்படும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், இங்கே இரண்டே வருடத்தில் பயன்பட்டது.

இந்தத் துறையில் இன்னொரு பெயர் அடிபடுகிறதே, ரேச்சல் ஃப்ரீத்தி?

எக்ஸெட்டரில் இதே வட்டாரத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கி அங்கேயே பேராசிரியர் ஆனவர். ஹாட்டர்ஸ்லி அபூர்வக் குடும்பங்களில் தொடங்கினார் என்றால், ஃப்ரீத்தி சாதாரண ஜனங்களின் எடையை எடுத்துக்கொண்டார். 2000-களின் தொடக்கத்தில் எக்ஸெட்டர் ஊரிலேயே சுமார் ஆயிரம் குடும்பங்களைச் சேர்த்து, அம்மா, அப்பா, குழந்தை மூன்று பேரையும் அளந்து, மூன்று பேரின் டி.என்.ஏ.-வையும் சேமித்து வைத்திருந்தார்கள். அப்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள், பிரசவ ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் அப்பாக்கள் வராண்டாவில்தான் நிற்பார்கள்.

ஃப்ரீத்தி 2007-இல் காட்டியது: டைப் 2 சர்க்கரைக்கு மிகப் பெரிய காரணிகளில் ஒன்றான டி.சி.எஃப்.7எல்.2 மரபணு வகை அம்மாவிடம் இருந்தால் குழந்தையின் எடை கொஞ்சம் கூடுகிறது. 2009-இல் காட்டியது: வேறு சில டைப் 2 மரபணு வகைகள் குழந்தையிடம் இருந்தால் எடை குறைகிறது. பத்து வருடம் முன்பு குளுக்கோகைனேஸ் குடும்பங்களில் பார்த்த அதே இழுபறி, இப்போது சாதாரணக் குடும்பங்களில், சின்ன அளவில். 2010-இல் பன்னாட்டுக் கூட்டு முயற்சி ஒன்றில் ஏ.டி.சி.ஒய்.5 என்ற மரபணுவில் ஒரு வகை பிறந்த எடையைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அதே மரபணு டைப் 2 சர்க்கரையோடும் தொடர்புடையது.

ஒரு மரபணு எத்தனை கிராம் மாற்றும்?

கொஞ்சம்தான். 2010 ஆய்வில் சிக்கிய இரண்டு மரபணு இடங்களையும் சேர்த்து, எடை குறைக்கிற வகைகள் நான்கையும் (ஒவ்வோர் இடத்திலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று) கொண்டவர்கள், ஒன்றோ அல்லது ஒன்றுமில்லாமலோ இருப்பவர்களைவிட 113 கிராம் குறைவு. அம்மா கடைசி மூன்று மாதங்களில் தினம் நாலைந்து சிகரெட் பிடித்தால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு என்று அவர்களே ஒப்பிட்டுச் சொன்னார்கள். ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் ஒன்றிரண்டு இல்லை. 2016-இல் 60, 2019-இல் 190.

அதில் எது அம்மாவுடையது, எது குழந்தையுடையது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

இதுதான் இந்தத் துறையின் தலைவலி. குழந்தையின் மரபணுவில் பாதி அம்மாவிடமிருந்து வந்தது. ஆகவே ஒரு மரபணு வகை எடையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், அது குழந்தைக்குள் இருந்து வேலை செய்கிறதா, அல்லது அம்மாவுக்குள் இருந்துகொண்டு சர்க்கரையையோ ரத்த அழுத்தத்தையோ மாற்றி வேலை செய்கிறதா என்று நேராகச் சொல்ல முடியாது. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி.

2019 ஆய்வில் 321,223 பேரின் சொந்தப் பிறந்த எடையையும், 230,069 அம்மாக்கள் பெற்ற குழந்தைகளின் எடையையும் எடுத்துக்கொண்டு, பிரிஸ்பேனைச் சேர்ந்த புள்ளியியல் குழுவோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அம்மாவின் ரத்தச் சர்க்கரையைக் கூட்டும் மரபணுக்கள் அம்மா பக்கமிருந்து எடையைக் கூட்டின. இன்சுலினைக் குறைக்கிற மரபணுக்கள் குழந்தை பக்கமிருந்து எடையைக் குறைத்தன. அம்மாவின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் மரபணுக்கள் குழந்தையின் எடையைக் குறைத்தன. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பி.பி. வருவதற்குக் கருப்பைச் சூழலைவிட, அம்மாவிடமிருந்து அப்படியே வந்த அந்த மரபணுக்களே பெரும் காரணம் என்பது அவர்கள் முடிவு.

2023-இல் எக்ஸெட்டர் குழு மறுபடியும் அபூர்வக் குழந்தைகளிடம் திரும்பி, கருவில் இன்சுலினே சுரக்காதவர்களின் எடையை வைத்துக் கணக்கிட்டது. கருவின் மொத்த வளர்ச்சியில் ஏறத்தாழ பாதி அதன் இன்சுலினால்தான் நடக்கிறது என்று வந்தது.

அப்படியானால் பார்க்கர் சொன்னது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது கருவில் இருந்தவர்களுக்கு, பெரியவர்களானபின் சர்க்கரையைத் தாங்கும் சக்தி குறைவாக இருந்தது, அதை மரபணுவை வைத்து விளக்க முடியாது. ஊட்டமும் உண்டு, மரபணுவும் உண்டு. எந்தக் குழந்தைக்கு எது என்பது எடை மெஷினைப் பார்த்துத் தெரியாது. அவ்வளவுதான்.

நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இதெல்லாம் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இது அந்த ஆராய்ச்சியின் பெரிய ஓட்டை, அவர்களே ஒப்புக்கொள்கிற ஓட்டைதான்.

புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990-களில் இருந்து கிராமங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார். அங்கே நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5. ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சதையில் ஒல்லி, கொழுப்பில் குண்டு. ஆக, நம் ஊர்க் குழந்தையின் எடையை இங்கிலாந்து கணக்கில் வைத்துப் பேசினால் பாதிதான் புரியும்.

சென்னையில் மருத்துவர் வி. சேஷய்யா கர்ப்பகாலச் சர்க்கரைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிற எளிய சோதனையை அவர் முன்னிறுத்தினார், கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணை வெறும் வயிற்றில் மறுபடியும் வரச் சொன்னால் வர மாட்டாள் என்பதற்காக. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று 2007-இல் கொண்டுவந்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு வரும் சர்க்கரைக்கான மரபணுச் சோதனையைச் சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனில் செய்கிறார்கள், இங்கும் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் குழந்தை 2.4 கிலோ. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

இந்தக் கேள்வியை மூன்று பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள், மூன்று பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. உங்கள் டாக்டரிடம் குழந்தையைக் காட்டுங்கள், எடை ஏறுகிறதா என்று பாருங்கள், ரத்த சோகை, பி.பி., புகை, குறைமாதம் என்று கவனிக்க வேண்டியவற்றை அவர் கவனிப்பார். ஆனால் எடையை மட்டும் பார்த்துவிட்டு "நீதான் காரணம்" என்று சொல்கிறவருக்கு உங்கள் மரபணுவும் தெரியாது, உங்கள் கணவரின் மரபணுவும் தெரியாது.

எடை குறைந்து பிறந்தவர்கள் எல்லோரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம், காசுக்குக் கேடு. சோதனை கேட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு: ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தவர்கள், இப்போது நாற்பது வயதானாலும் சரி, அப்போது வந்திருந்தால் அவர்களும். தலைமுறை தலைமுறையாக, ஒல்லியாக, சின்ன வயதிலேயே சர்க்கரை வருகிற குடும்பத்தினர். வருடக்கணக்காக வெறும் வயிற்றில் அதே 110, 120 என்று லேசாகக் கூடுதலாகவே நிற்பவர்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான சோதனையை எக்ஸெட்டர் குழு பல ஆண்டுகளாக வெளிநாட்டவருக்கும் இலவசமாகவே செய்து வந்திருக்கிறது, டாக்டர் மூலமாக அனுப்ப வேண்டும். ஒரு முக்கியமான விஷயம், சோதனை முடிவு வராமல், டாக்டர் சொல்லாமல், நீங்களாக இன்சுலினை நிறுத்தவே கூடாது.

குளுக்கோகைனேஸ் பழுது உள்ள கர்ப்பிணிக்குச் சிகிச்சை தர வேண்டுமா?

குழந்தையைப் பொறுத்தது. குழந்தைக்கும் பழுது வந்திருந்தால் அம்மாவின் அந்தக் கூடுதல் சர்க்கரைதான் அதற்குச் சரியான அளவு, இன்சுலின் போட்டு இறக்கினால் குழந்தை சிறுத்துவிடும். வரவில்லை என்றால் குழந்தை பெருக்கும், அப்போது பார்க்க வேண்டும். முன்பு ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்து ஊகித்தார்கள். இப்போது அம்மாவின் ரத்தத்தில் மிதக்கிற குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளை வைத்தே சொல்லிவிட முடிகிறது.

என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். எப்படிப் போவது?

டாக்டர் ஆகித்தான் போக வேண்டும் என்றில்லை. ஹாட்டர்ஸ்லி மருத்துவர். ஃப்ரீத்தி மரபியல் ஆராய்ச்சி வழியாக வந்தவர், வெல்கம் அறக்கட்டளையின் ஒரு ஆராய்ச்சி உதவித்தொகை முடிந்ததும் அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று என்று படிப்படியாக. அந்த இடைவெளிகள் பயமாகத்தான் இருக்கும், அடுத்தது கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வி எப்போதும் இருக்கும், அதை மகளிடம் மறைக்க வேண்டாம். இன்று இந்த வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் நடக்கிறது, ஆகவே உயிரியலோடு புள்ளியியலும் நிரல் எழுதுவதும் வேண்டும். என் மாணவர்கள் "கணக்கு வராது, அதனால பயாலஜி எடுத்தேன்" என்று சொல்வார்கள், பாவம், யாரோ அவர்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

செவிலியராகவும் போகலாம், இதை யாரும் சொல்வதில்லை. எக்ஸெட்டர் குழுவில் மேகி ஷெப்பர்ட் என்ற செவிலியர் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியர் ஆனவர், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, யாருக்கு எப்போது சர்க்கரை வந்தது என்று விசாரித்து, ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறுகிறவர்கள் பயப்படாமல் மாற உதவியவர். பிரிட்டன் முழுக்க இதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் அவர் பொறுப்பில் உருவானார்கள். பாட்டி பிறந்தபோது எத்தனை கிலோ என்று ஒரு குடும்பத்திடம் கேட்டு வாங்குவது சின்ன வேலை இல்லை. எங்கள் வீட்டில் நான் முயன்று பார்த்தேன். பாட்டி சொன்ன பதில்: "எடையா? ஆழாக்கு அரிசி கணக்கா இருந்தேனாம்."